தேடும் திரையிலேயே சொல்லிக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நூலகம் என்றாலே கட்டடம், நிதி, புத்தகக் கொள்முதல் என்றுதான் பேசுகிறோம். அலமாரியில் இருக்கும் புத்தகத்தையே கணினிப் பட்டியல் 'இல்லை' என்று சொல்ல, வாசகர் வெறுங்கையோடு திரும்புவதை யாரும் பேசுவதில்லை.

தேடுபொறிகளில் முழு வாக்கியத்தைத் தட்டிப் பழகிவிட்டோம். நூலகப் பட்டியல் பெரும்பாலும் தலைப்பு, ஆசிரியர், பொருள் போன்ற குறிப்புகளை மட்டுமே பார்க்கிறது. நூலின் உள்ளே புகுந்து தேடுவதில்லை. பல பட்டியல்களில், தட்டிய சொற்கள் அத்தனையும் இருந்தால்தான் விடை வரும். சொல் கூடக் கூட விடை குறையும்.

தமிழில் தேடுவோர் பாடு இன்னும் கடினம். நம் சொற்கள் உருபும் சந்தியும் ஏற்று உருமாறுபவை. முழுச் சொல்லை மட்டும் பொருத்திப் பார்க்கும் பட்டியலில் 'கல்வெட்டு' என்று தட்டினால் கல்வெட்டுகள், கல்வெட்டியல், கல்வெட்டுச் சான்றுகள் எதுவும் சிக்காது. 'கல்வெட்*' என்று, 'பின்னால் எது வந்தாலும் சரி' எனப் பொருள்படும் நட்சத்திரக் குறியோடு நிறுத்தினால் எல்லாம் வந்துவிடும். அவசரப்பட்டு 'கல்*' என்று வெட்டினால் கல்வியும் கல்லூரியும் சேர்ந்து குவியும். எங்கே வெட்டுவது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. செப்பேடும் வேண்டுமென்றால் இரண்டையும் அடைப்புக்குறிக்குள் 'ஆர்' (OR: ஏதேனும் ஒன்று இருந்தால் போதும்) போட்டு இணைத்து, வணிகம் பற்றியவை மட்டும் வர, வெளியே 'அண்ட்' (AND: இரண்டும் இருக்க வேண்டும்) போட்டு 'வணிக*' என்று சேர்க்கலாம். அடைப்புக்குறியை விட்டுவிட்டால் வேறு கணக்கில் விடை வரும். ஒரு சொல் உள்ளவற்றை விலக்கும் 'நாட்' (NOT) கட்டளையை நான் யாருக்கும் எளிதில் பரிந்துரைக்க மாட்டேன். விலக்கிய சொல் ஓரிடத்தில் வந்திருந்தாலே நல்ல நூலும் மறைந்துவிடும்.

காந்தி எழுதியவை வேண்டுமா, காந்தியைப் பற்றியவை வேண்டுமா? முன்னதற்கு ஆசிரியர் புலத்திலும் (ஆசிரியர் பெயருக்கான தனிப் பெட்டி) பின்னதற்குப் பொருள் புலத்திலும் தேட வேண்டும். பொதுப் பெட்டியில் தட்டினால் இரண்டும் கலந்துதான் வரும்.

இவற்றைக் கற்க அதிக நேரம் ஆகாது. ஆனால் குறிகள் மென்பொருளுக்கு மென்பொருள் மாறுகின்றன. ஓரிடத்தில் நட்சத்திரம் என்றால் இன்னோரிடத்தில் டாலர் குறி. சிலவற்றில் 'அண்ட்', 'ஆர்' ஆகியவற்றை ஆங்கிலப் பெரிய எழுத்தில் தட்டினால்தான் கட்டளையாக ஏற்கும். இதையெல்லாம் வாசகர் ஊகித்தா அறிய முடியும்? உதவிப் பக்கம் இருந்தாலும் பெரும்பாலும் ஆங்கிலத்தில், எங்கோ மூலையில் இருக்கிறது. அந்தந்த நூலகத்தில் செல்லும் குறிகளைத் தமிழ் எடுத்துக்காட்டுகளோடு நான்கே வரிகளில் தேடல் பெட்டியின் கீழேயே நூலகங்கள் தர வேண்டும். விடை ஏதும் வராதபோது 'சொல்லைச் சுருக்கி நட்சத்திரக் குறி இட்டுப் பாருங்கள்' என்று திரையே சொல்ல வேண்டும். நூலகர் ஒருவரைக் கொண்டு இதுபற்றி விரிவான கட்டுரை ஒன்றை உங்கள் இதழ் வெளியிட்டால் மாணவர்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்