பல்லைப் பிடுங்கிவிடாதே

திருப்பாதிரிப்புலியூர்
ஞாயிறு மாலை

அன்புள்ள மூர்த்திக்கு,

இங்கே எல்லோரும் நலம். பொங்கலுக்குக்கூட எழுதவில்லை என்று திட்டுவாய், நேரில் வாங்கிக்கொள்கிறேன். நேற்று மஞ்சக்குப்பத்தில் நம் 'கலெக்டர்' கணேசனைப் பார்த்தேன். வேர் சிகிச்சை செய்த பல்லில் உனக்கு இன்னும் வலி போகவில்லை, பல்லையே எடுக்கப் போகிறாய் என்றான். டேய், கொஞ்சம் பொறு.

உன் தங்கச்சி பட்ட பாட்டைக் கேள். போன ஆடியிலிருந்து இடது கீழ்த்தாடையில் வலி. பல் விளக்கினால், முகம் கழுவினால், சில்வர் பீச் காற்று கன்னத்தில் பட்டால்கூடப் போதும், ஷாக் அடித்த மாதிரி ஒரு வெட்டு வெட்டும். சில நொடிதான், அதற்குள் கண் கலங்கிவிடும். வாயைத் திறந்தாலே வலி என்று பேச்சையே குறைத்துவிட்டாள். எங்களுக்குள் சண்டை என்று தெருவே முடிவு கட்டிவிட்டது. (அந்த அமைதி எனக்கு... சரி, இதை அவளும் படிப்பாள்.)

கிராம்புத் தைலம், வலி மாத்திரை எதற்கும் மசியவில்லை. ஒரு பல் டாக்டர் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார். வலி அப்படியே இருக்கவும், பக்கத்துப் பல்லையும் பிடுங்கினார். பஞ்சில் சுற்றிக் கொடுத்ததைப் பிரித்துப் பார்த்தேன். சொத்தை என்று ஒரு புள்ளி இல்லை. அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை எனக்கு.

கடைசியில் புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில்தான் விஷயம் புரிந்தது. முகத்துக்கு உணர்ச்சி தரும் ஐந்தாவது மூளை நரம்பின் ஒரு கிளை கீழ்த்தாடைப் பல்லுக்கும் ஈறுக்கும் வருகிறது. மூளைத்தண்டின் அருகே ஒரு ரத்தக்குழாய் அந்த நரம்பை அழுத்தி, அதன் உறை தேய்ந்துபோனால், தொடுவதெல்லாம் வலியாகிவிடுகிறதாம். எம்.ஆர்.ஐ. எடுத்து, கட்டி கிட்டி இல்லை என்று உறுதி செய்துகொண்டு, கார்பமாசெபின் 100 மில்லிகிராமில் ஆரம்பித்தார்கள். வலிப்பு நோய்க்குக் கொடுக்கிற மாத்திரை என்று தெரிந்ததும் என் மைத்துனி ஒப்பாரி வைக்காத குறை. தலைசுற்றல் இருக்கத்தான் செய்கிறது. சோடியம் இறங்குகிறதா என்று ரத்தம் பார்க்கிறார்கள். தோலில் தடிப்பு வந்தால் உடனே ஓடிவரச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் போன வாரம் முறுக்கு கேட்டாள், மூர்த்தி! மாத்திரை கேட்காமல் போனால் ஆபரேஷனும் உண்டு. குழாய்க்கும் நரம்புக்கும் நடுவில் டெஃப்லான் துண்டு வைத்துப் பிரிப்பார்களாம்.

உன்னுடையது வேறு ரகமாக இருக்கலாம். வெட்டி வெட்டி வலிக்கவில்லை, நாள் முழுக்க மந்தமாக வலிக்கிறது என்றுதானே கணேசனிடம் சொன்னாய்? முதலில் வேரில் சீழோ பல்லில் விரிசலோ இருக்கிறதா என்று நன்றாகப் பார்க்கச் சொல். இல்லையென்றால், சிகிச்சை முடிந்த பிறகும் நரம்பு மட்டும் வலித்துக்கொண்டே இருப்பது உண்டாம். அதற்கு அமிட்ரிப்டிலின் குறைந்த அளவில் தருவார்கள். மனச்சோர்வு மாத்திரை என்று கடைக்காரர் சொன்னதும், 'என்னைப் பைத்தியம் என்கிறானா' என்று குதிக்காதே. அந்த மாதிரி வலி பல்லை எடுத்தாலும் போகாது. ஈறில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

பழைய எக்ஸ்ரே எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு முதல் நாள் ராத்திரியே இங்கே வந்துவிடு. விடியற்காலை பஸ் பிடித்தால்தான் கோரிமேட்டு ஜிப்மரில் ஓ.பி. சீட்டு சீக்கிரம் கிடைக்கும். கணேசனும் வருகிறேன் என்கிறான். டிக்கெட்டை அவனே எடுக்கட்டும்.

உன்
சேகர்