உறுப்பினர் பதிலில் விடுபட்டவை

ஆசிரியருக்கு,

எங்கள் கடலோரத் தொகுதியின் மக்களவை உறுப்பினர், அண்மையில் நடந்த குறைகேட்புக் கூட்டத்தில் முதியோர் உதவித்தொகை பற்றிய கேள்விக்கு மாநில அரசைக் கைகாட்டிவிட்டு நகர்ந்தார். 80 வயதுக்குட்பட்டோருக்கான அத்தொகையில் மத்திய அரசின் பங்கு நெடுங்காலமாக மாதம் 200 ரூபாயாகவே இருக்கிறது என்பதையும், அதை உயர்த்தக் கோரும் இடம் அவர் அமர்ந்திருக்கும் அவையே என்பதையும் சொல்லியிருக்கலாம்.

மீனவர் கைது பற்றிக் கேட்டபோதோ, 1974-இல் கச்சத்தீவு கைவிட்டுப்போன கதையே நீண்டது. இரு நாட்டு மீனவரும் அடுத்தவர் கடலில் மீன்பிடிப்பதைத் தடுத்த 1976-ஆம் ஆண்டுக் கடிதப் பரிமாற்றத்தையோ, கடலடியை வாரி இழுக்கும் வலையான இழுவை மடியை இலங்கை 2017-இல் சட்டப்படி தடைசெய்ததையோ, நம் படகுகள் இழுக்கும் அந்த மடியால் வலையிழக்கும் வடமாகாண மீனவரும் தமிழரே என்பதையோ அவர் தொடவில்லை; கைதட்டல் மட்டும் பலமாக இருந்தது. ஆழ்கடல் மீன்பிடிப்புக்கு மாறும் திட்டத்தில் எங்கள் ஊர்ப் படகுகள் எத்தனை சேர்ந்தன என்ற என் துண்டுச்சீட்டு மேடைக்குப் போனது, பதில் வரவில்லை.

இப்படிக்கு,
கடலோரத் தொகுதி வாக்காளர் ஒருவர்