திரும்பி வந்த உதவித்தொகைக்குக் காரணம் கேட்டு மீண்டும் ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்
வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகைப் பயனாளிகளும் அவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்போரும்
(கையொப்பங்கள் இணைப்பில்)

பெறுநர்
உதவி இயக்குநர் அவர்கள்,
மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம்

பொருள்: வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை – ஒப்புதல் ஆகியும் வங்கிக் கணக்கில் வரவாகாமல் திரும்பிய தொகை – காரணம் தெரிவித்து மறுபடி அனுப்பக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே பொருளில் தங்கள் அலுவலகத்தில் நேரில் இரண்டு முறையும், திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் ஒரு முறையும் மனு கொடுத்திருக்கிறோம். மனு பரிசீலனையில் உள்ளது என்ற குறுஞ்செய்தியைத் தவிர வேறு பதில் இல்லை. எனவே நான்காவது முறையாக எழுதுகிறோம்.

திட்டத்தின் விதிகள் தாங்கள் அறியாதவை அல்ல. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் 5 ஆண்டு பதிவை விடாமல் வைத்திருந்து, குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மேல் இல்லை என்று வருவாய்த் துறையில் கையொப்பமும் முத்திரையும் வாங்கி, அசல் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், பாஸ்புக் அனைத்தையும் காட்டிச் சரிபார்த்த பிறகுதான் பணம் அனுப்பப்படுகிறது. பத்தாம் வகுப்புத் தேறியவருக்கு மாதம் 300 ரூபாய், பிளஸ் டூவுக்கு 400, பட்டதாரிக்கு 600. அதுவும் காலாண்டுக்கு ஒரு முறை. தகுதி இல்லையென்று தள்ளப்பட்டவர்களுக்காக இந்த மனு அல்ல. தகுதி உண்டு என்று தங்கள் அலுவலகமே ஒப்புக்கொண்டு, அனுப்பிய பணம் சேராமல் போனவர்களுக்காக எழுதுகிறோம்.

1. பணம் திரும்புவதற்குப் பெரும்பாலும் வங்கிக் கிளையை அடையாளம் காட்டும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடே காரணம். அதில் 11 இடங்கள். முதல் நான்கு வங்கியின் எழுத்துகள், ஐந்தாவது பூஜ்யம், கடைசி ஆறு கிளைக்குரியவை. அந்தப் பூஜ்யத்தை ஆங்கில ‘ஓ’ எழுத்தாக அடித்துவிட்டால் போதும், பணம் போகாது. பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் மங்கிய அச்சின் மேலேயே வங்கியின் ரப்பர் முத்திரை விழுந்திருக்கும். அதன் ஜெராக்ஸைப் பார்த்துத் தட்டச்சு செய்பவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். அவரைக் குறை சொல்லவில்லை. அடுத்தது வங்கி இணைப்பு. 2019 ஏப்ரலில் விஜயா வங்கி பரோடா வங்கியோடு சேர்ந்தது. 2020 ஏப்ரலில் சிண்டிகேட் வங்கி கனரா வங்கியிலும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியிலும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியிலும் சேர்ந்தன. பழைய குறியீடுகள் செல்லாமல் போயின. பாஸ்புக் அட்டை மட்டும் பழையபடியே பீரோவில் இருக்கிறது. பள்ளி உதவித்தொகைக்காகத் தாயின் பெயரோடு சேர்த்துத் தொடங்கிய மைனர் கணக்கைப் பதினெட்டு வயதுக்குப் பிறகு மாற்றாமல் விட்டவர்கள், கேஒய்சி எனப்படும் அடையாள, முகவரிச் சான்றுகளைக் கொடுக்காமல் கணக்கு முடங்கியவர்கள் கதையும் இதேதான்.

2. கணக்கு எண்ணில் வரும் பிழை இதைவிட மோசம். எண்களை எக்ஸெல் தாளில் ஏற்றும்போது அந்தப் பத்தியை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றி வைக்காவிட்டால் முன்னால் உள்ள பூஜ்யங்கள் உதிர்ந்துவிடும். 16 இலக்க எண்ணாக இருந்தால் கடைசி இலக்கம் தானாகப் பூஜ்யமாகிவிடும், ஏனென்றால் எக்ஸெல் 15 இலக்கம் வரைதான் சரியாக வைத்துக்கொள்ளும். இப்படி மாறிய எண் வேறொருவருடைய நடப்பிலுள்ள கணக்காக இருந்தால், பணம் திரும்பிக்கூட வராது. ரிசர்வ் வங்கியின் விதிப்படி மின்னணு வரவு கணக்கு எண்ணை வைத்துத்தான் நடக்கிறது. அப்படியிருக்க, பாஸ்புக்கில் முன்னெழுத்து முன்னால், ஆதாரில் பின்னால், அதனால்தான் பணம் வரவில்லை என்று மேசையில் சொல்லி, ஆதார் திருத்தத்துக்கு ஆட்களை அலையவிடுவது எதற்காக? திருத்திக்கொண்டு வந்த பிறகும் பணம் வரவில்லையே ஐயா.

3. எல்லாவற்றையும்விட எங்களை வாட்டுவது இதுதான். பணம் திரும்பினால் திரும்பியதென்றும், ஏன் திரும்பியதென்றும் யாரும் சொல்வதில்லை. தங்கள் அலுவலகத்தில் கேட்டால் “அனுப்பியாச்சு, பேங்க்ல கேளுங்க” என்கிறார்கள். வங்கியில் கேட்டால் “எங்களுக்கு வரவே இல்லை” என்கிறார்கள். வங்கி ஊழியர் சொல்வது உண்மை. குறியீடு தப்பாக இருந்தால் அந்தத் தொகை அந்தக் கிளையை எட்டவே எட்டாது. பாஸ்புக்கில் எத்தனை முறை என்ட்ரி போட்டாலும் அதன் சுவடு இருக்காது. கணக்கு மூடப்பட்டது, அப்படியொரு கணக்கு இல்லை, கணக்கு முடக்கம் என்று காரணம் குறிக்கப்பட்டு அது அனுப்பியவருக்குத்தான் போகும். அதாவது அந்த ஒரு வரி தங்கள் பக்கத்தில்தான் இருக்கிறது. அதைத்தான் கேட்கிறோம். ரயில்வே கேட்டுக்கு அப்பால் உள்ள ஊர்களுக்கு எத்தனை பேருந்து என்பது தாங்கள் அறிந்ததே. காலை வண்டியைத் தவறவிட்டால் தங்கள் அலுவலகம் வந்து சேர மதியச் சாப்பாட்டு நேரம். ஒரு காலாண்டுக்கு 900 ரூபாய் வாங்கும் பெண் அலுவலகத்துக்கும் வங்கிக்குமாக நாலு நடை நடந்தால் அதில் கையில் என்ன மிஞ்சும்? நடந்தும் காரணம் தெரியவில்லை என்றால் அவர் யாரிடம் போவார்?

4. காலமும் கரைகிறது. இந்தத் தொகை மாற்றுத்திறனாளிகள் அல்லாத பொதுப் பிரிவில் மொத்தம் 3 ஆண்டுதான், அதாவது 12 காலாண்டு. வயது வரம்பு 40, ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 45. திரும்பிப்போன காலாண்டுகள் அந்தப் பன்னிரண்டில் கழிக்கப்படுமா என்று சென்ற மனுவிலேயே கேட்டோம். எழுத்தில் பதில் வேண்டும்.

5. மாற்றுத்திறனாளிகளுக்கு 600, 750, 1,000 ரூபாய் என்று படிப்புக்கேற்ப மாதந்தோறும் உண்டு. வருமான வரம்பு இல்லை. இத்தனை சலுகையை அரசு கொடுத்துவிட்டு, ஒரு எழுத்துப் பிழையைக் கண்டுபிடிக்க அவர்களைப் படியேற வைப்பது நியாயமா ஐயா?

6. இன்னும் வேலை கிடைக்கவில்லை என்ற சுய உறுதிமொழி ஆவணத்தை ஆண்டுதோறும் கொடுக்கிறோம். ஒப்புகைச் சீட்டு தருவதில்லை. பிறகு பணம் நின்றால் உறுதிமொழி வரவில்லை என்கிறார்கள். உறுதிமொழியால் நின்றதா, வங்கியால் நின்றதா என்று பிரித்தறிய எங்களிடம் ஒரு துண்டுச் சீட்டாவது வேண்டாமா?

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. ஒவ்வொரு காலாண்டும் பணம் திரும்பியவர்களின் பதிவு எண்ணையும் காரணத்தையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். பெயரோ கணக்கு எண்ணோ வேண்டாம். கணக்கு விவரம் திருத்த ஒரு பக்கப் படிவமும், அதோடு ரத்து செய்த காசோலை அல்லது புதிதாக அச்சிட்ட பாஸ்புக் பக்கமும் போதும் என்று உத்தரவிடுங்கள். ஏற்கெனவே சரிபார்த்த அசல் சான்றிதழ்களை மறுபடி கேட்க வேண்டாம். திருத்தியதும் புதிய காலாண்டுத் தொகையோடு நிலுவையையும் சேர்த்து அனுப்புங்கள். வேறொருவர் கணக்குக்குப் போன தொகையை மீட்க அந்த வங்கிக்குத் தங்கள் அலுவலகம்தான் எழுத வேண்டும். பயனாளி எழுதினால் வங்கி கண்டுகொள்ளாது.

மறுபடியும் பணிந்து கேட்கிறோம் ஐயா. இணைப்பில் உள்ள ஒவ்வொருவர் பதிவு எண்ணுக்கும் எதிரே ஒரு கட்டம் காலியாக விட்டிருக்கிறோம். பணம் ஏன் திரும்பியது என்பதை அந்தக் கட்டத்தில் எழுதித் தந்தால் போதும். வங்கிக்குப் போய்ச் சரிசெய்து கொள்வது எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
மனுதாரர்கள்

இணைப்பு: பதிவு எண் பட்டியல், பாஸ்புக் முதல் பக்க நகல்கள், முந்தைய மூன்று மனுக்களின் நகல்கள்.