மகளுக்கு: அந்தக் கணப்பைப் பற்ற வைக்காதே

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது.

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மூன்று வாரமாகப் பேச்சே இல்லை. வந்தது அறையைச் சூடாக்கும் உன் கேஸ் கணப்பின் படம் ஒன்றும், "கேஸ் ஃபயர்ல சூடே வரலப்பா" என்று ஒரு வரியும். சரி, வேலை இருக்கும். இதைப் படித்து முடிக்கும்வரை அதைப் பற்ற வைக்காதே. போர்வையைச் சுற்றிக்கொண்டு படி.

சூடு குறைந்தால் இரண்டில் ஒன்றுதான். கேஸ் போதுமான அளவு வரவில்லை, இல்லையென்றால் எரிகிற கேஸின் சூடு அறைக்கு வராமல் புகைபோக்கி வழியாகப் போகிறது. எது என்று பார்க்காமலே ஸ்பேனரை எடுக்கிற ஆளை நம்பாதே. மீட்டரைப் பார்த்தாலே தெரிந்துவிடும். வீட்டில் மற்ற கேஸ் சாதனங்களை எல்லாம் அணைத்துவிட்டு, கணப்பை மட்டும் முழு அளவில் வைத்து, சரியாக 6 நிமிடத்தில் மீட்டர் எவ்வளவு ஓடுகிறது என்று குறிக்க வேண்டும். ஒரு கன மீட்டர் இயற்கை எரிவாயு சுமார் 11 கிலோவாட்-மணி வெப்பம் தரும். கணப்பில் ஒட்டியிருக்கும் தகட்டில் கேஸ் உள்ளீடு 6.6 கிலோவாட் என்று இருந்தால், 6 நிமிடத்துக்கு 0.06 கன மீட்டர் ஓட வேண்டும். 0.04தான் ஓடியது என்றால் கேஸ் குறைகிறது. இதை டெக்னீஷியன் செய்யட்டும், நீ பக்கத்தில் நின்று எண்ணை எழுதிக்கொள். கணக்கில் நீ கெட்டி. அந்தக் கெட்டிக்காரத்தனத்தை உடம்பு விஷயத்தில் மட்டும் காட்ட மாட்டேன் என்கிறாய்.

கேஸ் குறைகிறது என்றால் முதலில் கணப்புக்கு வரும் குழாயின் வால்வு முழுக்கத் திறந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல். தரை துடைக்கும்போது யாராவது பாதி திருப்பியிருக்கலாம். அடுத்தது அழுத்தம். வீட்டு இயற்கை எரிவாயு ஏறக்குறைய 20 மில்லிபாரில் வரும். அது 15 ஆனால் சூடு 13 சதவீதம்தான் குறையும், 10க்கு இறங்கினால் ஏறத்தாழ 30 சதவீதம் போய்விடும். பாய்லரும் அடுப்பும் எரியும்போது மட்டும் கணப்பு சுணங்கினால் குழாயிலோ ரெகுலேட்டரிலோ கோளாறு. அப்புறம் ஜெட், அதாவது கேஸ் பீறிட்டு வரும் சிறு துளையுள்ள மூக்கு. அடைத்திருக்கிறது என்று ஊசியை விட்டுக் குத்தினால் வந்தது வினை. துளையின் விட்டம் 10 சதவீதம் பெரிதானாலே கேஸ் 21 சதவீதம் கூடுதலாகப் பாயும், அந்த அளவுக்குக் காற்று கிடைக்காமல் கரி பிடிக்கும். கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும், முடியாவிட்டால் அதே எண்ணுள்ள புது ஜெட் போட வேண்டும்.

வெள்ளை செராமிக் கட்டிகளைப் பார்த்தே பாதி சொல்லிவிடலாம். நான்கும் ஒரேபோல அரைகுறையாகச் சிவந்தால் அழுத்தம் குறைவு. ஒன்று மட்டும் கறுத்திருந்தால் அதன் கீழே பர்னரில் தூசி, பஞ்சு, பூனை முடி ஏதோ அடைத்திருக்கிறது, அல்லது கட்டி உடைந்திருக்கிறது. உடைந்ததை ஒட்டக் கூடாது, அதே மாடலுக்கான கட்டியைத்தான் வாங்க வேண்டும்.

உன் படத்தில் மூன்றாவது கட்டி மேல்பாதி கறுப்பு. சுடரின் நுனி மஞ்சளாக நீண்டு தள்ளாடுகிறது. கட்டிகளை வைத்து எரியும் கணப்பில் சுடர் நீலமாக இருக்க வேண்டும். கணப்புக்கு மேலே சுவரில் உள்ளங்கை அளவுக்குப் பழுப்புக் கறை. உன் கண்ணில் அது படவில்லையா?

ஜன்னலைத் திறந்து வை.

போன மாதம் நீ சொன்னதை நான் மறக்கவில்லை. அரை மணி நேரத்தில் அதுவாகவே அணைகிறது, மறுபடி பற்ற வைக்கிறேன் என்றாய். சிறிய பைலட் சுடர் அறைக்காற்றில் ஆக்சிஜன் குறைவதை உணர்ந்து கேஸை நிறுத்துகிற அமைப்பு பல கணப்புகளில் உண்டு. பைலட்டில் தூசி இருந்தாலும் அணையும்தான். ஆனால் கறையும் மஞ்சள் சுடரும் கூடவே இருக்கும்போது தூசி என்று சமாதானம் சொல்லிக்கொள்ள என் மனம் ஒப்பவில்லை. மாலையில் தலைவலி என்றும் சொன்னாய், வெளியே நடந்தால் சரியாகிவிடுகிறது என்றாய். வேலைப் பளு என்று நீ சொன்னாய், நானும் ஆமாம் போட்டேன். காற்றுப் போதாமல் கேஸ் எரிந்தால் வரும் விஷவாயு கார்பன் மோனாக்சைடு. அதற்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. அது கொடுக்கும் முதல் தொந்தரவே தலைவலியும் குமட்டலும்தான்.

இப்போது படத்தின் இடது ஓரத்தைப் பார். சுவரில் காற்றுத் துளைக்குள் நீலத் துணி திணித்திருக்கிறது. போன குளிரில் "அந்தத் துளையை அடைத்துவிடு, குளிர்காற்று வராது" என்று சொன்னது நான்தான். கணப்பு மூச்சுவிடுவதே அந்தத் துளை வழியாகத்தான் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அன்றைக்கு உன் குளிர் மட்டும்தான் மனதில் இருந்தது. இத்தனை பேருக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவன் பெற்ற பிள்ளைக்குத் தப்பாகச் சொல்லிவிட்டேன். உன்னைக் கேள்வி கேட்க எனக்கு வாய் இல்லை. ஒரு வேளை சூடு குறைந்ததற்கும் அந்தத் துணியே காரணமாக இருக்கலாம். காற்றில்லாமல் கரி பிடித்து, கரி கட்டியையும் உள்ளே சூடு மாறும் இடத்தையும் மூடியிருக்கும்.

ஆகவே துணியை இப்போதே உருவு. கணப்பின் வால்வை மூடு. தலைவலி இன்றைக்கும் இருந்தால் வெளியே போய்விடு, டாக்டரிடம் கணப்பைப் பற்றியும் சொல், இரத்தத்தில் பார்ப்பார்கள். வீட்டுக்காரரிடம் எழுத்தில் தெரிவி. உரிமம் உள்ள கேஸ் டெக்னீஷியன் வந்து புகைபோக்கியின் இழுப்பைப் புகை விட்டுச் சோதிக்காமல் எரிய விடாதே. கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கு. கணப்பிலிருந்து 1 முதல் 3 மீட்டர் தள்ளி, நீ உட்காரும்போது தலை இருக்கும் உயரத்தில் வை, திரைக்குப் பின்னால் வைக்காதே. பின்புறம் காலாவதி ஆண்டு போட்டிருக்கும், பார்த்து வாங்கு.

பேச வேண்டாம் என்றால் பேச வேண்டாம். துணியை எடுத்ததும் அந்தத் துளையைப் படம் பிடித்து அனுப்பு. அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. ஜன்னல் திறந்திருக்கட்டும்.

அப்பா