ரயில் வராத இருபது நிமிஷம்

காட்பாடிக்காரர்களுக்கும், சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து கை கொடுத்த எல்லாருக்கும் வணக்கம்.

என் 9 பாட்டும் ஒருவழியாக வெளிவந்துவிட்டன. கம்பெனி இல்லை, சினிமா இல்லை. கல்யாணக் கச்சேரிகளில் கீபோர்டு வாசித்துச் சேர்த்த காசில் ஒரு மைக், அதைக் கம்ப்யூட்டரோடு இணைக்கிற ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், பழைய லேப்டாப் ஒன்று. மற்றதெல்லாம் உங்களிடம் வாங்கியதுதான்.

எதிர்வீட்டு மாமாவுக்கு முதல் நன்றி. ரயில்வேயில் இருந்து ரிட்டயர் ஆனவர். எங்கள் மாடியறையில் சத்தத்தை அடக்க ரஜாயும் கோணியும் தொங்கவிட்டுத்தான் பாடுவேன். ஆனால் சென்னை–ஜோலார்பேட்டை தடமும் விழுப்புரம்–திருப்பதி தடமும் சந்திக்கிற ஊரில் ரஜாய் என்ன செய்யும்? மூன்று வரி பாடினால் நாலாவது வரியில் ஹாரன். மாமா ஒரு நாள் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தார்: 'ராத்திரி 1.10 முதல் 1.30 வரை எதுவும் இல்லை. கூட்ஸுக்கு நான் பொறுப்பில்லை.' ஆறு மாதம் அந்த இருபது நிமிஷத்தில்தான் பாடினேன்.

அப்புறம் குடியாத்தம் பக்கத்துக் கூத்து வாத்தியார். ஆர்மோனியத்தை டிவிஎஸ் 50-இல் கட்டிக்கொண்டு வந்தார். வாசித்துப் பார்த்தால் அதன் சுருதி நாலு கட்டையிலும் இல்லை, நாலரையிலும் இல்லை, நடுவில் எங்கேயோ நிற்கிறது. உள்ளே அதிர்கிற உலோக நாக்குகளைச் சுரண்டித்தான் சுருதி மாற்ற முடியும். "கம்ப்யூட்டரில் சரிபண்ணிடலாம் வாத்தியாரே" என்றேன். பெல்லோஸை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். "என் பெட்டிக்கு அறுபது வயசு ஆகுது. உன் கிதாருல முறுக்காணி இருக்குதில்ல? நீ வா."

போனேன். கிதாரை முறுக்கினேன், கீபோர்டில் 30 சென்ட் ஏற்றினேன். அரைக் கட்டை என்பது 100 சென்ட். அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்தப் பாட்டைக் கேட்பவர்கள் ஏதோ ஒன்று உறுத்துகிறது, ஆனால் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். உறுத்துவது வாத்தியாரின் பெட்டி. நான் பாடுகிற விதத்தையும் அவர் விடவில்லை. "திரௌபதி அம்மன் கோயில் திடல்ல கடைசி வரிசையில தூங்குறவன் எழுந்திரிக்கணும். நீ என்ன, மைக்குகிட்ட ரகசியம் பேசிக்கிட்டு இருக்கே?" இரண்டு பாட்டை மறுபடி பாடினேன்.

சர்ச் பாடகர் குழு அக்காக்கள் மூன்று பேர் ஆல்டோ, அதாவது பெண்குரலின் கீழ்ப் பகுதி, பாடிவிட்டு, டீ மட்டும் குடித்துவிட்டுப் போனார்கள். உங்களுக்கு நான் ஒரு பிரியாணி கடன்.

சத்துவாச்சாரி கோர்ட்டு வக்கீல் அண்ணனைச் சொல்லாமல் விட முடியாது. ஒரு நிறுவனம் 'வெளியிட்டுத் தருகிறோம்' என்று நீட்டிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட இருந்தேன். வரியும் மெட்டும் காலத்துக்கும் அவர்களுக்கே, எனக்கு ஒரு தொகை, அதோடு சரி. அண்ணன் பேனாவைப் பிடுங்கி வைத்துவிட்டு 2012 பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டத் திருத்தத்தை எடுத்துக் காட்டினார். எழுதியவரும் மெட்டுப் போட்டவரும் உரிமையை விற்றாலும், ராயல்டியில் தங்களுக்குள்ள பங்கை வாங்குகிறவருக்கு விட்டுக்கொடுக்க முடியாதாம். பத்து வருஷமாகப் பாட்டு எழுதுகிறேன், இது தெரியாமல் இருந்திருக்கிறேன். ஃபீஸ் எவ்வளவு என்று கேட்டதற்கு, மகள் கல்யாணத்துக்கு வந்து வாசி என்றார். மகள் இப்போது ஏழாம் வகுப்பு.

நானே பதிவேற்றும்போது, என்ன வகை இசை என்று படிவம் கேட்டது. ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம். கூத்துக்குக் கட்டம் இல்லை. கூத்தும் கிதாரும் ஆல்டோவும் சேர்ந்ததற்கு எங்கே இருக்கப் போகிறது? 'வேர்ல்ட்' என்று போட்டேன். குடியாத்தமும் உலகத்தில்தானே இருக்கிறது.

ஏழாவது பாட்டின் கடைசியில் 1.26-க்கு ஒரு கூட்ஸ் வந்துவிட்டது. குரல் அன்றைக்குப் போல மறுபடி அமையவில்லை, அதனால் அப்படியே விட்டுவிட்டேன். மாமாவுக்கு ஹெட்போனை மாட்டிப் போட்டுக் காட்டினேன். பாட்டு முடியும்வரை முகத்தில் ஒன்றும் இல்லை. வண்டி வந்ததும் விரலை உயர்த்தினார்.

"காலி வண்டிப்பா. லோடு இருந்தா இப்படிக் குதிக்காது."