9 கிலோ போதும், கண்ணு

அன்புள்ள மகனுக்கு,

டர்பனில் நாங்கள் எல்லோரும் நலம். ஜோகன்னஸ்பர்க்கில் சமைக்கக் கேஸ் அடுப்பா, கரண்ட் அடுப்பா, எது சல்லிசு என்று கேட்டாயே, அதைப் போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு 9 கிலோ சிலிண்டர், ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு, ஒரு நல்ல குக்கர். இவ்வளவு போதும். 19 கிலோ வாங்கினால் அடிக்கடி மாற்ற வேண்டாமே என்று உன் அறை நண்பன் சொல்வான். அடுக்குமாடி வீட்டுக்குள் 9 கிலோவுக்கு மேல் வைக்கக் கூடாது என்பது தென்னாப்பிரிக்க விதி. அந்த 9 கிலோவிலும் ஒன்றுதான் வைக்கலாம். மாடிப்படியில் 19 கிலோவைத் தூக்கப்போவதும் நீதான்.

கோயம்புத்தூரில் 14.2 கிலோ சிலிண்டர் வீட்டு வாசலுக்கே வந்துவிடும், விலையும் ஒன்றே. இங்கே அப்படி இல்லை. ஒரு கிலோவுக்கு அதிகபட்சம் இவ்வளவுதான் வாங்கலாம் என்று அரசு மாதாமாதம் ஓர் உச்சவரம்பு அறிவிக்கும். மாதத்தின் முதல் புதன்கிழமை அது மாறும். உச்சவரம்பு என்பதால் அதற்குக் கீழே விற்கிற கடையும் உண்டு, நாலு இடம் விசாரி. ஒவ்வொரு பகுதிக்கும் வேறு வேறு விலை. கடற்கரையில் இருக்கிற எங்களுக்குக் கொஞ்சம் குறைவு. உள்நாட்டில் இருக்கிற உங்களுக்கு லாரி வாடகையும் சேர்ந்துவிடும். கேஸும் தந்துவந்த டர்பன் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளில் ஒன்று 2020 டிசம்பர் தீ விபத்துக்குப் பிறகு திறக்கவே இல்லை. இன்னொன்று 2022-ல் நின்றது. இப்போது பெரும்பாலும் ரிச்சர்ட்ஸ் பே, சல்டானா துறைமுகங்களில் கப்பலில் வந்து இறங்குகிற கேஸ்தான். இந்த நாட்டுப் பணமான ரேண்டின் மதிப்பு விழுந்தால் நம் சாம்பாரும் விலை ஏறுகிறது, என்ன செய்ய!

இப்போது கணக்குக்கு வா. ஒரு கிலோ கேஸை எரித்தால் ஏறக்குறைய 12.8 யூனிட் கரண்டுக்குச் சமமான சூடு கிடைக்கும். ஆனால் கேஸ் அடுப்பில் பாதிச் சூடு பாத்திரத்தின் பக்கவாட்டில் ஏறி வீணாகப் போகும். இண்டக்‌ஷனில் வீணாவது கொஞ்சம்தான். அதனால் ஒரு கிலோ கேஸ் செய்கிற வேலையை இண்டக்‌ஷன் ஏழரை யூனிட்டில் முடித்துவிடும். உன் ப்ரீபெய்ட் கரண்ட் சீட்டில் இருக்கிற யூனிட் விலையை ஏழரையால் பெருக்கு, கடையில் சொல்கிற கிலோ விலையோடு ஒப்பிடு. பெரும்பாலும் இண்டக்‌ஷன்தான் ஜெயிக்கும். அதனால் சோறு, பருப்பு, பால் எல்லாம் அதில் வை.

அப்புறம் கேஸ் எதற்கு என்பாய். தோசைக்கும் சப்பாத்திக்கும் தீ வேண்டும், அது என் பிடிவாதம் என்றே வைத்துக்கொள். ஆனால் 2023-ல் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் கரண்ட் போனது என்று நீயே பார்த்தாய். 2024 மார்ச்சுக்குப் பிறகு நிலைமை ரொம்பத் தேவலை. இருந்தாலும் உன் தெருவில் ஒரு கேபிள் பழுதானால் ராத்திரி முழுக்க இருட்டுதான்.

குக்கரை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உன் ஊரின் உயரம். ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேல். அங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று திறந்த சட்டியில் துவரம்பருப்பை வைத்துக் காத்திருந்தாயானால் அது வேகவும் வேகாது, அடுப்பும் எரிந்துகொண்டே இருக்கும்.

முதலில் சிலிண்டருக்கு முன்பணம் கேட்பார்கள். ரசீதைப் பத்திரமாக வை, சிலிண்டரைத் திருப்பும்போது பணம் திரும்ப வர அதுதான் ஆதாரம். காலி சிலிண்டரைக் கொடுத்து, சீல் உடையாத நிறை சிலிண்டரை வாங்கு. தெருமுனையில் நிரப்பித் தருகிறவர்களிடம் போகாதே. இங்கே ஒரு கடையில் அப்படி நிரப்பி வாங்கியதில் இரண்டு கிலோ குறைவு, கேட்டதற்குச் சண்டைக்கு வந்தார். வெறும் சிலிண்டரின் எடை அதன் கழுத்திலேயே பொறித்திருக்கும். உன் எடை மெஷினில் வைத்துக் கழித்துப் பார், எவ்வளவு கேஸ் மீதி என்பதும் அப்படியே தெரியும்.

ஊரிலிருந்து கொண்டுவந்த ரெகுலேட்டர் இதில் பொருந்தாது. இங்கே மரை போட்டுத் திருகுகிற வகை, அதுவும் இடப்பக்கமாகத் திருகினால்தான் இறுகும். மாட்டியதும் சோப்பு நுரை தடவிப் பார். கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு படியும். நாற்றம் வந்தால் சுவிட்சைத் தொடாதே, சிலிண்டரை மூடு, ஜன்னலைத் திற. ஜூலைக் குளிருக்குப் பயந்து கேஸ் ஹீட்டர் வாங்கி, அறையை மூடிக்கொண்டு மட்டும் தூங்காதே. அதற்குக் கம்பளி இருக்கிறது, இன்னொன்று வேண்டுமானாலும் அனுப்புகிறேன்.

அப்பாவின் நண்பர் அடுத்த வாரம் காரில் அங்கே வருகிறார். மூன்று லிட்டர் குக்கரும், கூடுதலாக இரண்டு கேஸ்கட்டும் கொடுத்துவிடுகிறேன். அடிப்பாகம் இண்டக்‌ஷனுக்கு ஏற்றதுதான், காந்தம் வைத்துப் பார்த்துவிட்டேன். சிலிண்டர் வாங்கியதும் ரசீதைப் படம் எடுத்து எனக்கும் ஒன்று அனுப்பு.

அன்புடன்,
அம்மா