பழைய கைப்பேசியில் ஒரு புதிய இயங்குதளம்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின்கழிவு பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பழுதான கருவிகளை யாரிடம், எப்படி ஒப்படைப்பது என்பதைக் கட்டுரையாளர் தெளிவாக விளக்கியிருந்தார். பழுதே ஆகாத கருவிகள் கழிவாக்கப்படுவதைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லாததால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

2019இல் நான் வாங்கிய ஆண்ட்ராய்டு கைப்பேசியின் திரையில் இன்றுவரை ஒரு கீறல் இல்லை. பேட்டரியை ஒருமுறை மாற்றியிருக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் அதைத் தயாரித்த நிறுவனம் 2022க்குப் பிறகு பாதுகாப்புப் புதுப்பிப்பு எதையும் அனுப்பவில்லை. சேவை மையத்தில் கேட்டபோது, புது மாடல் வாங்கிக்கொள்ளுங்கள் என்பதைத் தவிர அவர்களிடம் வேறு பதில் இல்லை. கணினித் துறையில் வேலை பார்க்கும் என் அக்காள் மகன்தான், "போன்ல ஒரு குறையும் இல்ல மாமா, உள்ள இருக்கிறத மாத்தினாப் போதும்" என்று சொல்லி, லினேஜ் ஓஎஸ் என்ற இயங்குதளத்தை அதில் நிறுவிக் கொடுத்தான்.

இப்பெயரை முதன்முறை கேள்விப்படுபவர்களுக்காகச் சிறிது விளக்கம். கூகுள் திறந்த மூலநிரலாக, அதாவது யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளக்கூடிய நிரலாக, வெளியிடும் ஆண்ட்ராய்டுதான் இதற்கும் அடித்தளம். கூகுளின் சொந்தச் செயலிகளும் சேவைகளும் மட்டும் இதில் இரா. இதேபோல் ஆண்ட்ராய்டை மாற்றியமைத்துத் தர 2009இல் தொடங்கிய சயனோஜென்மாட் என்ற திட்டம் 2016 டிசம்பரில் நிறுத்தப்பட்டபோது, அதன் நிரலை எடுத்துக்கொண்டு தன்னார்வலர்கள் தொடர்ந்த பணி இது. நான் பயன்படுத்துவது ஆண்ட்ராய்டு 15ஐ அடிப்படையாகக் கொண்ட 22ஆம் பதிப்பு.

நிறுவும் வேலை எல்லோருக்கும் கைவரக்கூடியது என்று சொல்லமாட்டேன். கைப்பேசியை இயக்கியதும் இயங்குதளத்தை ஏற்றும் நிரலுக்குப் பூட்லோடர் என்று பெயர்; வேறு தளம் ஏற்ற முடியாதபடி அதைப் பூட்டியே விற்கிறார்கள். அந்தப் பூட்டைத் திறந்ததும் கைப்பேசியில் உள்ளவை அனைத்தும் அழிந்துவிடும் என்பதால், படங்களையும் தொலைபேசி எண்களையும் முந்தைய நாளே கணினியில் சேமித்துவைத்தோம். முதல் முறை உயிர்பெறச் சில நிமிடங்கள் எடுத்துக்கொண்டது. மொழியாகத் தமிழைத் தேர்ந்தெடுத்ததும் ஏறக்குறைய வெறுமையான ஒரு முகப்புத் திரை வந்தது. தொலைபேசி, குறுஞ்செய்தி, கேமரா, உலாவி, கடிகாரம், கால்குலேட்டர் என்று அடிப்படையானவை சில, அவ்வளவே. இதற்கு முன் நான் கேட்காமலே வந்து, நீக்கவும் முடியாமல் இருந்த செயலிகளை ஒருநாள் எண்ணிப் பார்த்து இருபத்துமூன்று என்று குறித்துவைத்திருந்தேன். அவற்றில் ஒன்றுகூட இப்போது இல்லை. தொட்டதும் திறக்கிறது. காலையில் சார்ஜரிலிருந்து எடுத்தால் இரவுச் சாப்பாடு வரை பேட்டரி தாங்குகிறது. தேவையான பிற செயலிகளை, திறந்த மூலநிரல் மென்பொருள்களை மட்டுமே வழங்கும் எஃப்-ட்ராய்ட் என்ற தொகுப்பிலிருந்து பெற்றுக்கொண்டேன்.

இழப்புகளும் உண்டு. மாலை வேளையில் வீட்டுக்குள் எடுக்கும் படங்கள் முன்போல் துலக்கமாக இல்லை. படத்தைச் செம்மைப்படுத்தும் மென்பொருள் தயாரிப்பாளருடையது, அது பழைய தளத்தோடு போய்விட்டது. தமிழில் பேசினால் எழுத்தாக மாற்றித்தரும் வசதியும் கூகுளின் சேவை என்பதால் அதையும் இழந்தேன். இவ்விரண்டையும் நான் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது வேறு.

நான் கணக்கு வைத்திருக்கும் வங்கியின் செயலியும், யுபிஐ வழிப் பணம் செலுத்த நான் பயன்படுத்திவந்த செயலியும் இப்போது இக்கைப்பேசியில் திறக்க மறுக்கின்றன. சிலிண்டர் கொண்டுவந்தவர் வாசலில் கியூஆர் அட்டையை நீட்டிக்கொண்டு நிற்க, "இக்கருவி பாதுகாப்பற்றது" என்ற பொருளில் ஓர் அறிவிப்பைக் காட்டிவிட்டுச் செயலி தானாக மூடிக்கொண்டது. பூட்லோடர் பூட்டப்பட்டிருக்கிறதா, தயாரிப்பாளரின் சான்றொப்பமிட்ட தளம்தானா என்று செயலி சோதிக்கிறது. இல்லையென்றால் கதவை அடைத்துவிடுகிறது. பூட்டு திறந்திருக்கும் கைப்பேசி அந்நியர் கையில் சிக்கினால் அதன் தளத்தை மாற்றியமைக்க வழி உண்டு என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் மூன்று ஆண்டுகளாக ஓட்டைகள் அடைக்கப்படாமல் இருந்த இதே கைப்பேசியை, பூட்டு பூட்டியிருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக, அச்செயலிகள் ஒரு நாளும் தடுக்கவில்லை. சென்ற மாதம் வெளியான பாதுகாப்புத் திருத்தங்கள் வரை ஏற்றப்பட்ட பிறகுதான் அது ஆபத்தானதாகிவிட்டது. வங்கிக் கிளையில் இதை எடுத்துச் சொன்னபோது மேலாளர் பொறுமையாகக் கேட்டார். முடிவு தலைமையகத்தின் கையில் என்றார். இப்போது உலாவி வழியே வங்கித் தளத்துக்குள் சென்று, ஓடிபி பெற்று, பணம் அனுப்புகிறேன்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடப்புக்கு வந்துள்ள விதிகளின்படி, ஒரு மாடலின் விற்பனை நின்ற நாளிலிருந்து குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்கு இயங்குதளப் புதுப்பிப்புகள் கிடைக்கச் செய்ய வேண்டும். நம் நாட்டில் பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தை மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரிலேயே தொடங்கியது. அம்முயற்சியை மனமார வரவேற்கிறேன். ஆனால் உதிரிபாகத்தையும் சேவை மையத்தையும் பற்றிப் பேசும் அளவுக்கு நாம் மென்பொருளைப் பற்றிப் பேசுவதில்லை. எத்தனை ஆண்டுகளுக்குப் புதுப்பிப்பு வரும் என்பதை, விலையைப் போலவே, பெட்டியின் மேல் அச்சிடச் செய்ய வேண்டும். புதுப்பிப்பை நிறுத்திய கைப்பேசிக்கு வேறு தளம் நிறுவிக்கொள்பவர்களைப் பணப் பரிமாற்றச் செயலிகள் ஒட்டுமொத்தமாக விலக்குவதையும் ரிசர்வ் வங்கி கவனத்தில் கொள்ள வேண்டும். பரிமாற்றத் தொகைக்குக் குறைந்த உச்சவரம்பு விதித்தாவது அனுமதிக்கலாமே என்பது என் வேண்டுகோள். இவை குறித்துத் துறை வல்லுநர்களின் கருத்துகளைக் கேட்டுத் தங்கள் இதழ் ஒரு கட்டுரை வெளியிட்டால் என்னைப் போன்றவர்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
தஞ்சாவூர்